வளரும் கல்லூரியின் முதல்வருக்கு: எதை முதலில் செய்வது, எதை ஒத்திவைப்பது

ஒரு கல்லூரி வளரத் தொடங்கும்போது அதன் முதல்வருக்குப் பாராட்டும் கையொப்பமிட வேண்டிய கோப்புகளும் ஒருசேரக் கூடுகின்றன. புதிய பாடப்பிரிவுக்கான விண்ணப்பம், விடுதிக்கான வரைபடம், கூடுதல் பிரிவுக்கான கடிதம் என எல்லாமே அவர் மேசைக்கு வந்துதான் நகர்கின்றன. ஆனால் தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரியில் நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. பணம் செயலரின் கையொப்பத்தில்தான் வெளியே போகிறது. அரசு ஊதியம் தரும் ‘உதவி பெறும்’ பணியிடங்களை அரசே அனுமதிக்க வேண்டும். தன்னாட்சி பெறாத கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்துக்குரியவை. 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டப்படி அமையும் கல்லூரிக் குழுவில் முதல்வரும் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். அமெரிக்காவில் கல்லூரித் தலைவர் என்று சொல்லப்படுபவரோ நிதி திரட்டுகிறார், கட்டடங்களுக்குத் திட்டமிடுகிறார், பேராசிரியர் நியமனத்திலும் முடிவு சொல்கிறார். அங்கே ஒருவரிடம் சேர்ந்திருக்கும் பொறுப்பு இங்கே முதல்வர், செயலர், அறக்கட்டளைத் தலைவர் என்று பிரிந்து கிடப்பதால், அந்நாட்டு நிர்வாக ஆலோசனைகளை அப்படியே இங்கே இறக்கிக்கொள்ள முடியாது.

அப்படியானால் முதல்வரிடம் என்னதான் மிஞ்சுகிறது? எது முதலில் வர வேண்டும், எது அதன் பின்னால் வர வேண்டும், எது இந்த ஆண்டு வேண்டாம் என்று எடுத்துச் சொல்லும் இடம் அவருடையது. வகுப்பறையும் ஆசிரியரும் தண்ணீரும் எவ்வளவு இருக்கின்றன என்பதை அன்றாடம் பார்ப்பவர் அவர் ஒருவரே என்பதால், இந்த வரிசையை வேறு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. வளர்ச்சிக் காலத்தில் தலைமை என்பது பெரும்பாலும் இந்த வரிசையைக் காப்பதுதான் என்பது என் கருத்து. பின்வருவன அதற்கான வழிமுறைகள்.

முதலில் கணக்குப் போடுங்கள்

மூன்று புதிய இளநிலைப் பாடப்பிரிவுகளைத் தொடங்கலாம் என்று நிர்வாகம் முடிவெடுக்கிறது என வைத்துக்கொள்வோம். பிரிவுக்கு 60 மாணவர் என்றால் 180 பேர். மூன்று வகுப்பறை போதும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு பாடப்பிரிவு தொடங்கிய ஆண்டோடு நிற்பதில்லை. மூன்றாம் ஆண்டில் இந்த மூன்றும் சேர்ந்து 540 மாணவராகவும் ஒன்பது வகுப்புகளாகவும் வளர்ந்திருக்கும். வாரத்துக்கு வகுப்புக்கு 30 மணி நேரம் என்று கொண்டால் மொத்தம் 270 மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வரையறுக்கிறது. ஆகவே குறைந்தது 17 ஆசிரியர்கள் வேண்டும். நிர்வாகக் குழுவுக்குப் போகும் முன்மொழிவில் முதலாண்டுக்குத் தேவையான ஐந்தாறு பெயர்கள் மட்டுமே இருப்பதுதான் வழக்கம்.

இந்தக் கணக்கில் பலரும் தவறவிடும் இடம் மொழித்துறைகள். பல பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் முதல் நான்கு பருவங்களிலும் பகுதி ஒன்றுக்கும் (தமிழ்) பகுதி இரண்டுக்கும் (ஆங்கிலம்) வாரம் ஆறாறு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன ஒன்பது வகுப்புகளில் முதலிரண்டு ஆண்டுகளுக்குரிய ஆறு வகுப்புகளை எடுத்துக்கொண்டால், தமிழ்த்துறைக்கு மட்டும் 36 மணி நேரம் கூடுகிறது. ஆங்கிலத்துறைக்கும் அதே அளவு. கணினி அறிவியலும் வணிகவியலும் விரிவடைவதைக் கல்லூரி கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே பணிச்சுமை நிறைந்திருக்கும் தமிழாசிரியர் ஒருவர் 120 பேரை ஒரே கூடத்தில் அமர்த்தி நடத்திக்கொண்டிருப்பார். துணைப்பாடம் எடுக்கும் கணிதத் துறைக்கும் இதே நிலைதான். எனவே புதிய பாடப்பிரிவு பற்றிய முன்மொழிவை அந்தத் துறையின் தலைவர் மட்டும் தயாரிக்க விடாதீர்கள். சுமையைத் தாங்கப்போகும் மற்றத் துறைத் தலைவர்களும் அதில் கையொப்பமிட வேண்டும் என்று ஒரு நடைமுறையை ஏற்படுத்துங்கள்.

வகுப்பறை, ஆசிரியர் இவற்றோடு நின்றுவிடாமல் இடைவேளையையும் கணக்கில் சேருங்கள். கூடுதல் 540 பேரில் பாதிப் பேர் பெண்கள் என்றால், பதினைந்து நிமிட இடைவேளையில் 270 மாணவியர் எத்தனை கழிவறைகளைப் பயன்படுத்த முடியும் என்பது வகுத்துப் பார்க்க வேண்டிய கணக்கே. மதியம் டப்பாவைத் திறந்து உட்காருவதற்கு இடம் எங்கே, இரு சக்கர வண்டிகள் எங்கே நிற்கும், நூலகத்தில் நாற்காலி எத்தனை என்று ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த இரண்டு பக்கத்தை நிர்வாகக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொண்டுபோங்கள்.

தஸ்கிகீயில் நடந்தது

வளர்ச்சியின் வரிசையைப் பற்றி யோசிக்கும் எவரும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய தஸ்கிகீ கல்வி நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளை அறிந்திருப்பது நல்லது. அடிமையாகப் பிறந்த அவர், 1881-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, மழை பெய்தால் ஒழுகும் ஒரு கொட்டகையில் கறுப்பின மாணவர்களுக்கான அந்தப் பள்ளியைத் தொடங்கினார்; அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான். சீக்கிரமே 100 ஏக்கர் அளவுள்ள ஒரு பழைய தோட்டத்தை 500 டாலருக்கு வாங்க ஏற்பாடாயிற்று. முன்பணமான 250 டாலரை, தாம் படித்த ஹாம்ப்டன் நிறுவனத்தின் பொருளாளரிடம் தனிப்பட்ட முறையில் கடனாகப் பெற்றார். கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும் என்பதால் மாணவர்களே செங்கல் அறுத்தார்கள். முதல் மூன்று சூளைகளும் வீணாயின. கைக்கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டிய பிறகுதான் செங்கல் சரியாக வெந்தது. அந்தச் செங்கல்லை வாங்க ஊரில் இருந்த வெள்ளையரும் வந்தார்கள். பள்ளிக்கும் ஊருக்கும் இடையிலான உறவு அந்த வியாபாரத்தின் வழியே உருவானது.

சூளைக் கதையைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். முதல்வர்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடிய வேறொரு நிகழ்ச்சியை வாஷிங்டன் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். விடுதி தொடங்கிய புதிதில், முதல் கட்டடத்தின் அடியில் மாணவர்கள் தோண்டிய நிலவறையே சமையலறையும் சாப்பாட்டுக் கூடமுமாக இருந்தது. அடுப்பும் பாத்திரமும் போதாமல் எந்த வேளைச் சாப்பாடும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் காலை, உணவு கிடைக்காத ஒரு மாணவி, தண்ணீராவது குடிக்கலாம் என்று கிணற்றடிக்குப் போனாள். அங்கே கயிறு அறுந்து கிடந்தது. இந்தப் பள்ளியில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை என்று அவள் சலித்துக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அவள் அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் அருகில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தம்மை அதற்கு ஈடாக மனம் தளரச் செய்தது வேறெதுவும் இல்லை என்று அவர் எழுதுகிறார். மூன்று சூளைகள் வீணானபோதுகூட அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்தில் நிதி திரட்டுவதற்காக ஆண்டின் பெரும்பகுதியை வெளியூரில் கழித்த அவர், எங்கிருந்தாலும் தமக்கு நாள்தோறும் ஓர் அறிக்கை வந்து சேரும்படி ஏற்பாடு செய்திருந்தார். பால்பண்ணையில் எத்தனை காலன் பால் கறந்தது, அன்றைய உணவு என்ன, இறைச்சி வேகவைக்கப்பட்டதா வாட்டப்பட்டதா, காய்கறி கடையில் வாங்கியதா சொந்தப் பண்ணையில் விளைந்ததா என்பதுவரை அதில் இருக்கும். துறைத் தலைவர்கள் ஒன்பது பேர் கொண்ட குழு வாரம் இருமுறை கூடியது. ஆறு பேர் கொண்ட நிதிக் குழு வாரந்தோறும் கூடி அந்த வாரச் செலவை முடிவு செய்தது. 1915-இல் அவர் இறந்தபோது தஸ்கிகீயில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் சுமார் 1,500 மாணவர்களும் இருந்தார்கள். இந்த அளவு நுணுக்கமான கண்காணிப்பு உடன் பணியாற்றியவர்களுக்கு மூச்சு முட்டியிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. அவருடைய பிடி இறுக்கமானது என்ற குறை அவர் காலத்திலேயே இருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அறிக்கையின் நீளத்தையன்று, அதில் எவை இடம்பெற்றன என்பதை. இன்றைய முதல்வருக்கு நாள்தோறும் வர வேண்டிய தகவல் ஐந்து வரிகளுக்கு மேல் இருக்கத் தேவையில்லை: மேல்நிலைத் தொட்டியில் தண்ணீரின் அளவு, ஆசிரியர் இல்லாமல் போன வகுப்புகள், விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய புகார், பழுதான கழிவறைகள், கட்டுமான இடத்தில் நடந்த விபத்து அல்லது தகராறு. சேர்க்கை எண்ணிக்கையை யாராவது உங்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். அதற்கு அறிக்கை வேண்டியதில்லை.

இந்த ஆண்டு வேண்டாம் என்று எழுதுவது எப்படி

செயலரிடமோ தாளாளரிடமோ மறுப்பு தெரிவிப்பது பெரும்பாலான முதல்வர்களுக்குக் கடினமாக இருக்கிறது. கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஆசிரியர்களிடம் குறைபட்டுக்கொள்வதால் ஒன்றும் நடக்காது. மறுப்பை எழுத்தில், எண்களோடு, மாற்று வழியோடு தர வேண்டும். ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய செயலர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். வரும் கல்வியாண்டில் மூன்று புதிய பாடப்பிரிவுகளைத் தொடங்க நிர்வாகக் குழு விரும்புவதை அறிந்து மகிழ்கிறேன். தற்போது நம்மிடம் முற்பகலில் காலியாக உள்ள வகுப்பறைகள் இரண்டு. தமிழ், ஆங்கிலத் துறைகளில் கூடுதலாக ஒரு பிரிவை ஏற்கும் நிலையில் ஆசிரியர்கள் இல்லை. ஆகவே வரும் ஆண்டில் ஒரு பாடப்பிரிவை மட்டும் தொடங்கி, மேல்தளப் பணி முடிந்ததும் அடுத்த ஆண்டு மற்ற இரண்டையும் தொடங்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கான வகுப்பறை, ஆசிரியர் கணக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் முடிவின்படி நடப்பேன்."

கடைசி வரி மரியாதைக்காக மட்டும் எழுதப்படுவதன்று. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, அதன் விளைவை அறிந்தே அவர் முடிவெடுக்கும்படி செய்வதே இக்கடிதத்தின் நோக்கம். நிர்வாகம் இதை மீறி மூன்றையும் தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு இதே கணக்கோடு மீண்டும் எழுதுங்கள். சரியான கணக்கை இரண்டாம் முறை புறக்கணிப்பது யாருக்கும் எளிதன்று.

அனுமதிகள்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். பல்கலைக்கழகம் பாடப்பிரிவை ஏற்று அளிக்கும் இணைவாணை கைக்கு வரும் முன் புதிய பாடப்பிரிவுக்கு விளம்பரம் செய்யாதீர்கள், சேர்க்கைப் படிவமும் கொடுக்காதீர்கள். 2024–25 கல்வியாண்டு முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ. பாடப்பிரிவுகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வரம்புக்குள் வந்துவிட்டன என்பதால் கலைக்கல்லூரிகளும் அங்கே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. கட்டடத்துக்குச் சென்னைப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று திட்ட அனுமதி பெற வேண்டும்; 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்குப் பொருந்தும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். சாய்தளமும் அணுகக்கூடிய கழிவறையும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் தேவைகள். கட்டி முடித்த பிறகு சாய்தளம் ஒட்டவைத்தால் அது பெரும்பாலும் சக்கர நாற்காலி ஏற முடியாத செங்குத்தில்தான் அமையும். மதிப்பீட்டுத் தொகையைப் பார்க்கும்போது கட்டுமான ஒப்பந்தத்துக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டென்பதையும், கல்விச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் கல்லூரி அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற இயலாது என்பதையும் செயலரின் அலுவலகம் சேர்த்துக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கட்டுமானம் நடக்கும் வளாகத்தில் பாடம் நடத்துவது

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் கலவை இயந்திரமும் வைப்ரேட்டரும் காலை தொடங்கி இருட்டும்வரை ஓடும். பக்கத்துக் கட்டடத்தில் எந்த ஆசிரியர் பேசினாலும் கேட்காது. இது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்த நாள் எது என்பதை ஒப்பந்தக்காரரும் முதல்வரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்தால், அகமதிப்பீட்டுத் தேர்வும் கான்கிரீட்டும் ஒரே நாளில் வராமல் தடுக்கலாம். பருவத் தொடக்கத்திலேயே கல்விக் காலண்டரின் நகல் ஒன்றைத் தளப் பொறியாளரிடம் கொடுத்து, தேர்வு நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டுங்கள்.

அதைவிடக் கவனம் தேவைப்படுவது அதற்குப் பின் வரும் நாள்கள். தளம் போட்ட மறுநாள் கொத்தனார்கள் அதன்மேல் கலவையால் சிறு சிறு பாத்திகள் கட்டித் தண்ணீர் தேக்குவார்கள். ஒரு வாரமோ இரு வாரமோ பாத்தி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்தால் கான்கிரீட்டின் வலு குறையும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விடுதிக்கு நீர் தரும் அதே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. பணி ஏப்ரலில் நடந்தால் மேலே தளம் நனைந்துகொண்டிருக்கும். கீழே விடுதி மாணவியர் காலை ஏழு மணிக்கு வாளியோடு வரிசையில் நிற்பார்கள். கட்டுமானத்துக்கான தண்ணீரை ஒப்பந்தக்காரரே லாரியில் கொண்டுவர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யுங்கள். எழுதாவிட்டால் மோட்டார் போடும் ஊழியரைத் தனியே கவனித்து யாராவது ஒரு குழாயை இழுத்துவிடுவார்கள்.

லாரிகளுக்குத் தனி வாசல், பணியிடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு, வகுப்பு மாறும் நேரங்களில் லாரி நகராது என்ற விதி ஆகிய மூன்றையும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது. வாரம் ஒருநாள் தளப் பொறியாளருடன் நடந்து பாருங்கள். கம்பி கட்டும் முறையைச் சோதிக்க அல்ல, மாணவர்கள் எந்தக் குறுக்குவழியில் அந்தப் பக்கம் நுழைகிறார்கள் என்று அறிய.

மனிதர்கள்

ஒரே தாழ்வாரத்தில் ஒரே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவர் உதவி பெறும் பிரிவில் அரசு ஊதியம் பெறுபவர். மற்றவர் சுயநிதிப் பிரிவில் அதன் ஒரு பகுதியையே பெறுபவர். கல்லூரி வளர்வது பெரும்பாலும் இரண்டாமவரின் உழைப்பால்தான். ஊதியத்தைச் சமன் செய்யும் அதிகாரம் முதல்வரிடம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பொது ஓய்வறை, பாடத்திட்டக் குழுவிலும் அகத்தர உறுதிக் குழுவிலும் இடம், ஆய்வுப் பட்டத்துக்கு விடுப்பு, மகப்பேறு விடுப்பை முகம் சுளிக்காமல் வழங்குவது ஆகியவை அவருடைய எல்லைக்குள் இருப்பவை. கல்லூரியின் தரத்தை அளக்கும் தேசிய மதிப்பீடு நடக்கும் ஆண்டில் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களைக் கொண்டு எல்லா ஆவணங்களையும் தயாரித்துவிட்டு, புகைப்படத்தில் அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதை மாற்ற எந்த அரசாணையும் தேவையில்லை.

மாணவர் பக்கத்தில், 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளிகளில் படித்து வருவோருக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதால், வீட்டில் முதன்முறையாகக் கல்லூரிக்கு வருபவர்கள் இன்னும் கூடுகிறார்கள். இவர்களில் பலர் இரண்டாம் சுழற்சியில், அதாவது பிற்பகலில் தொடங்கி மாலையில் முடியும் வகுப்புகளில், படிக்கிறார்கள். மாலை ஆறரை மணிக்கு வகுப்பு முடிந்து, ஊருக்கான கடைசிப் பேருந்து ஆறே காலுக்குப் புறப்பட்டுவிட்டால் அந்த ஊர் மாணவி கடைசி வகுப்பை நாள்தோறும் விட்டுவிட்டுப் போவாள். வருகைப் பதிவு குறைந்து, பருவ இறுதியில் அபராதம் கட்டித் தேர்வு எழுதுவாள். வளர்ச்சி விவாதங்களில் இவ்வகைச் செய்தி மேலே வருவதேயில்லை. இரண்டாம் சுழற்சி மாணவர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்று பட்டியல் எடுத்து, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரை நேரில் பார்த்து நேரத்தை மாற்றித் தரக் கேளுங்கள். முடியாது என்றால் கல்லூரி நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளுங்கள்.

வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. விடுதி விரிவடைந்தால் கழிவுநீரும் பெருகும். அது ஊர் ஏரியின் பக்கம் வழிந்தால் முதலில் வருவது ஊராட்சித் தலைவராக இருக்கலாம், அடுத்து வருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். புதிய விடுதிக்கான வரைபடத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் இடம் குறிக்கப்படாதிருந்தால் அந்த வரைபடத்தை முன்னே நகர்த்தாதீர்கள்.

உங்கள் பணிக்காலத்துக்குப் பின்னும் நடக்கப்போகும் வேலை

சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. வில்லியம் மில்லர் பல பத்தாண்டுகள் தலைமையேற்றிருந்த காலத்தில் நகரின் நடுவே பெரிதாகி, அங்கே இடம் போதாமல், சரியாக நூறு ஆண்டு கழித்து 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சேலையூர் அரங்கம், புனித தாமஸ் அரங்கம், பிஷப் ஹீபர் அரங்கம் ஆகிய விடுதிகள் கல்லூரியின் அமைப்போடு சேர்த்தே திட்டமிடப்பட்டன. வகுப்பறைகளைக் கட்டிவிட்டு, மாணவர் தங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடவில்லை. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸும் அந்த நிலத்தில் மரங்களை நட்டு வளர்த்தார்கள். இத்தகைய பெயர்ச்சி எந்த ஒரு முதல்வரின் பணிக்காலத்திலும் அடங்குவதன்று. ஒருவர் நினைத்ததை மற்றொருவர் தொடங்கி, மூன்றாமவர் குடியேற்றி முடிக்கும் வேலை அது.

ஆகவே பெருந்திட்டம் ஒன்றை வரைந்து, நிர்வாகக் குழுவில் தீர்மானமாகவே நிறைவேற்றச் செய்யுங்கள்; வாய்மொழி ஒப்புதல் செயலர் மாறும்போது காற்றோடு போய்விடும். பொறியாளர் அளவெடுக்க வருவதற்கு முன், தாவரவியல் துறையினரைக் கொண்டு வளாகத்தின் பெரிய மரங்களுக்கு எண்ணிட்டு வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள்; மரத்துக்கேற்பக் கட்டடத்தைப் பத்தடி தள்ளுவது காகிதத்தில் இருக்கும்வரைதான் எளிது.

ஓய்வுபெறும் ஆண்டில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஆழ்துளைக் கிணறுகளின் ஆழமும் இடமும், நிலத்தடி மின்கம்பிகள் போகும் வழி, கழிவுநீர்க் குழாய்களின் இணைப்புகள், ஒவ்வொரு கட்டடத்தின் அடித்தளம் எத்தனை தளங்களுக்காகப் போடப்பட்டது என்ற விவரம் ஆகியவை பெரும்பாலும் ஒரு மூத்த எலக்ட்ரீஷியனின் நினைவிலும் ஒப்பந்தக்காரரின் கணினியிலும் மட்டுமே இருக்கும். எலக்ட்ரீஷியன் உங்களுக்கு முன்பே ஓய்வுபெற்றுவிடக்கூடும். கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடங்களைக் கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கி, ஒரு படியைச் செயலரின் அலுவலகத்திலும் மற்றொரு படியை முதல்வர் அறையிலும் வைத்து, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் அதற்கு ஒரு வரிசை எண் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.